எழுபத்தொன்றில் அறுபத்து நான்கு போக

இதை எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் அட்டைக்கு ஒரு மனு, பையனின் பள்ளிக்கு இரண்டு மூன்று விடுப்புக் கடிதம், அவ்வளவுதான். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் இத்தனை வருடத்தில் மணி கேட்டிருப்பேன், வேறு எதுவும் பேசியதில்லை. எழுத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது தங்கவயலில் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பூமிக்கு அடியில் பாறையில் துளை போடும் வேலையில் இருந்தார். எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் ஏதோ ஒரு ஷிப்டில் கீழேதான் இருப்பார்கள். மேலேயிருந்து தோண்டிக்கொண்டே போய், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு லெவல் என்று நம்பர் கொடுத்திருந்தார்கள். நம்பர் பெரிதாகப் பெரிதாக ஆழமும் சூடும் அதிகம். அதனால் எங்களுக்கு எண்கள் என்றால் கீழ்நோக்கிப் போகிறவை. ஒரு நாள் டீச்சர் கரும்பலகையில் ஏணி வரைந்து, "இருபதாம் படி மேல இருக்குமா, அம்பதாம் படி மேல இருக்குமா?" என்று கேட்டபோது வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "இருபது!" என்று கத்தினோம். டீச்சர் வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். ஏணியை அழித்துவிட்டு ஒரு தெரு வரைந்தார்.

அந்த மாதம் கழித்தல் நடந்துகொண்டிருந்தது. விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் நூலால் கட்டியிருப்பார்கள். எங்கள் வகுப்பில் எல்லாரும் வெடி வைக்கிற வயரால் கட்டியிருந்தோம். சிவப்பும் மஞ்சளுமாக அது அழகாக இருக்கும். வெடித்தது போக மிஞ்சும் துண்டுகளை அப்பாக்கள் டிபன் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள். பத்துகளைப் பத்துகளிலிருந்து எடுக்கவும், ஒன்றுகளை ஒன்றுகளிலிருந்து எடுக்கவும் கற்றுக்கொண்டோம். "பெரிசுலேர்ந்துதான் சின்னதை எடுக்க முடியும். சின்னதுலேர்ந்து பெரிசை எடுக்க முடியுமா? முடியாது" என்று டீச்சர் பாட்டு மாதிரிச் சொல்லுவார். நாங்களும் கூடவே சொல்லுவோம். கட்டை அவிழ்த்துக் கடன் வாங்குவது அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் வேறொரு கணக்கும் இருந்தது. கீழே பாறை சில சமயம் அழுத்தம் தாங்காமல் தானே வெடிக்கும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். பரணில் இருக்கும் பாத்திரமெல்லாம் ஒரு முறை குலுங்கி அடங்கும். ஒவ்வொரு முறையும் அம்மா வெளுத்துப் போவாள். அப்பா வீட்டில் இருந்தால் சிரிப்பார்.

"இன்னாத்துக்கு இப்பிடிப் பயப்படற? பத்து லெவல் தள்ளி இருந்தா ஒண்ணும் ஆவாது. அதுக்கு அப்பால அது பக்கத்து ஊர்ல வெடிச்ச மாரி."

"பத்துக்குள்ள இருந்தா?"

"இருக்க மாட்டேன், போ."

இந்தப் பத்து லெவல் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்பா அம்மாவுக்காகச் சொன்னது என்று பிற்பாடு மைன்ஸில் வேலை செய்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அம்மா அதைப் பைபிள் வாக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் ஒரு நாள் காலை, கணக்குப் பாடத்தின்போதுதான் தரை குலுங்கியது. வழக்கத்தைவிடப் பெரிய குலுக்கல். சுவரில் மாட்டியிருந்த படம் ஒன்று விழுந்தது. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. "ஏர் பிளாஸ்ட் டீச்சர், இதுக்கெல்லாம் ஓடக் கூடாது" என்று முன்பெஞ்சுப் பையன் அவருக்கு ஆறுதல் சொன்னான். நாங்கள் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊத ஆரம்பித்தது. நிற்காமல் ஊதியது. முதல் ஷிப்டுக்கு அப்பா போயிருந்த பிள்ளைகள் மட்டும் சிரிப்பை நிறுத்தினோம்.

பள்ளி வாசலுக்கு அம்மா வந்திருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். முழங்கை வரை சோப்பு நுரை காய்ந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டுக்கு நடந்தாள். ஷாஃப்ட் என்றால் ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் அந்த ஆழமான குழி. அதன் தலைக்கு மேல் பெரிய சக்கரம் இருக்கும். சக்கரம் சுற்றினால் ஆள் ஏற்றும் கூண்டு, கேஜ், வருகிறது என்று அர்த்தம். நாங்கள் போனபோது சக்கரம் நின்றிருந்தது. கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் பெண்கள் எல்லாரும் தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். அப்பாவுக்குத் தம்பி. அவரும் அதே ஷாஃப்டில் வேலை செய்கிறவர். பாறை இறங்காமல் முட்டுக் கொடுக்கும் மரங்களை அளந்து அறுப்பது அவர் வேலை. அன்று அவருக்கு ஷிப்ட் இல்லை. லுங்கியோடு ஓடி வந்து, தெரிந்தவர்களிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"எங்கியாம் தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"அறுபத்தி நாலுல அண்ணி."

"இவரு எழுபத்தொண்ணுல கீறாரு இல்ல?"

"ஆமா அண்ணி."

"எத்தினி லெவல் தள்ளி வருது?"

சித்தப்பா காதில் விழாதவர் போலச் சக்கரத்தைப் பார்த்தார். அம்மா இரண்டு முறை கேட்டாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஸ்கூல்ல கழிக்கிறியே, சொல்லு. எழுபத்தொண்ணுல அறுபத்தி நாலு போனா எத்தினி?"

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனை பெரியவர்கள் நடுவில் என்னைக் கேட்கிறார்கள். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதினேன். மேலே எழுபத்தொன்று, கீழே அறுபத்து நான்கு. ஒன்றும் நாலும். பெரிசிலிருந்துதான் சின்னதை எடுக்க முடியும். நாலில் ஒன்று போனால் மூன்று. ஏழில் ஆறு போனால் ஒன்று.

"பதிமூணு" என்றேன்.

அம்மா உடனே நம்பவில்லை. "தம்பி, புள்ள போட்டது சரியா பாருங்க" என்றாள். சித்தப்பா மண்ணைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"சரிதான் அண்ணி. பதிமூணு."

சொல்லிவிட்டுக் காலால் மண்ணில் இருந்த கணக்கைத் தேய்த்து அழித்தார். கணக்குச் சரியாக இருந்தால் டீச்சரும் பலகையை அப்படித்தான் துடைப்பார். நான் குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன், இன்னும் யாராவது கேட்பார்கள் என்று.

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். அங்கே முட்டுக்குப் போட்டிருந்த ஒரு மரத்தின் மேல். "பத்துக்கு மேலதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். யாரோ கொடுத்த டீயை வாங்கிப் பாதியைக் குடித்து மீதியை எனக்குக் கொடுத்தாள். "படிக்க வச்சது வீண் போவல" என்று என் தலையைத் தடவினாள். பக்கத்தில் நின்றவர்கள்கூடக் கொஞ்சம் சிரித்தார்கள்.

அடுத்த தெரு அக்கா ஒருத்தி என்னிடம் குனிந்தாள். புதிதாகக் கல்யாணமானவள்.

"எங்க வூட்டுக்காரரு அறுபத்தி ஆறுல கீறாரு பாப்பா. எனக்கும் போட்டுச் சொல்லேன்."

அது சுலபமான கணக்கு. மண்ணில் எழுதக்கூட இல்லை. "ரெண்டு" என்றேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் எல்லாரும் திரும்பினார்கள். நான் பயந்துபோய்க் குச்சியைக் கீழே போட்டேன். சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "போதும், இனிமே யாருக்கும் போடாத. வாயத் தொறக்காத" என்றார். அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த அக்காவை மடியில் சாய்த்துக்கொண்டவள் என் அம்மாதான். "அழாத. ரெண்டுன்னா இன்னா? கர்த்தர் கீறாரு" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தனக்குப் பயம் தீர்ந்துவிட்டதால் மற்றவர்களுக்குக் கொடுக்க அவளிடம் நிறைய இருந்தது. தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். மயக்கம் போட்டவர்களுக்கு முந்தானையால் விசிறினாள். சித்தப்பா தூரத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே நின்றார்.

மத்தியானத்துக்கு மேல் சக்கரம் சுற்றியது. முதலில் நடக்க முடிந்தவர்கள் வந்தார்கள். பிறகு தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள். ஒவ்வொரு கேஜ் வரும்போதும் பெண்கள் கயிற்றின் மேல் சாய்ந்தார்கள். அறுபத்தாறாம் லெவல்காரர் கையில் கட்டோடு, உடம்பெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி வந்தார். அந்த அக்கா ஓடிப் போய் அவர் நெஞ்சில் குத்தினாள். அம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல" என்றாள்.

இறந்தவர்களைக் கடைசியில்தான் ஏற்றுவார்கள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வெயில் சாய்ந்த பிறகு வந்த கேஜிலிருந்து கம்பளி போர்த்தியவர்களை இறக்கினார்கள். ஒருவர் கயிற்றருகே வந்து பெயர்களைச் சொன்னார். மூன்றாவது அப்பாவின் பெயர்.

அம்மா அந்த மரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. பக்கத்தில் வந்து நின்ற சித்தப்பாவை அண்ணாந்து பார்த்து மெதுவாக, சந்தேகம் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"தம்பி, பதிமூணு இல்ல?"

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் விஷயம் தெரியாமல், "இன்னா பதிமூணு? எழுபத்தொண்ணுக்கும் அறுபத்தி நாலுக்கும் ஏழு லெவல்தானேம்மா" என்றார்.

என் பையன் இரண்டாவது படிக்கும்போது இதே மாதிரிக் கணக்கை இதே மாதிரித் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து காட்டினான். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையை எடுக்கத் தோன்றாமல் மாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மரத்தை அங்குலம் பிசகாமல் அளக்கிறவருக்கு அந்தக் கழித்தல் தெரியாமல் இருந்திருக்காது. அந்த வாரக் கடைசியில் சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது கேட்டுவிட்டேன். சுரங்கம் மூடி, நெஞ்சில் தூசி கட்டி, பேசுவதற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏழுன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருக்கும் உங்கம்மா? காலையிலேர்ந்து நின்னுகினே இருந்துச்சி. நீ பதிமூணுன்னியா, நான் ஆமான்னேன். உக்காந்துச்சி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "உக்காந்ததுதான் தப்பாப் போச்சி" என்றார்.

அம்மா அன்றிலிருந்து சாகும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் சோறு போடுவாள். தட்டை அவர் எதிரில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என்னைப் படிக்க வைத்ததில் பாதி அவர் சம்பளம். அதையும் என் கையில் கொடுக்கச் சொல்லித்தான் வாங்கினாள். என்னிடம் அவள் ஒரு நாளும் அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்பா இறந்த அன்று சாயங்காலம் எங்களுக்கு முன்னால் தள்ளுவண்டியில் அவரைக் கொண்டு போனார்கள். அம்மாவை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எப்போதும் என்னைத் தோளில் தூக்கிக்கொள்ளும் சித்தப்பா அன்று பின்னால் வெகுதூரம் தள்ளி வந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் நின்றார். நாங்கள் நடந்தால் நடந்தார். அப்பா செத்துப்போனதற்கு அம்மா எதற்காகச் சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கணக்குச் சரி என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் மத்தியானம் அடக்கம் நடந்தது. சித்தப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் இருந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக ஷாஃப்டுக்குப் போனார்.