வகயாமாவில் தங்கிவிட்ட எவர்சில்வர் தூக்கு

போன வாரம் காரைக்குடி வீட்டுக்கு ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் கூடமெல்லாம் உலர்ந்த பழ வாசனை. உள்ளே பார்த்தால் எங்கள் எவர்சில்வர் தூக்கு! மூடியில் என் மனைவி வள்ளியின் பெயர் வெட்டியது அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஊர் சுற்றிவிட்டுச் சாவகாசமாக வந்திருக்கிறது.

அப்போது வகயாமா பக்கம் ஒரு கடலோர ஊரில் எனக்கு ஒரு வருஷ வேலை. வாசலில் கடல், கொல்லையில் மலை. என்ன வேலை என்று கேட்காதீர்கள், எனக்கே கடைசிவரை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் தனபே என்ற ஆரஞ்சுத் தோட்டக்காரர். பூப்பூக்கும் காலத்தில் அவர் மூங்கில் குருத்து கொண்டுவந்து கொடுக்க, வள்ளி தேன்குழல் பிழிந்து தூக்கில் போட்டுக் கொடுத்தாள்.

வந்தது வினை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த ஊரிலும் அதே வழக்கம் என்று யார் கண்டது? மழையில் தூக்கு உப்பிலிட்ட பழத்தோடு வந்தது, மாவுருண்டையோடு போனது. கோடையில் ஆற்று மீனோடு வந்தது. பதிலுக்கு வள்ளி சுட்ட சீடை வெடித்த வெடியில், தனபே வாளித் தண்ணீரோடு ஓடி வந்து என்னை முழுக்க நனைத்துவிட்டார்.

ஊரிலிருந்து மாமியார் போன் செய்வார். மகளை விசாரிக்குமுன் தூக்கைத்தான் விசாரிப்பார்.

"மாப்பிள்ளை, தூக்கு எங்குட்டு இருக்கு? சீர்ச் சாமான்ல ஒண்ணு குறையக் கூடாது, ஆமா."

இலை பழுத்து மலை சிவந்தது, பனியும் கொட்டியது. தூக்கு மட்டும் ஓயவில்லை. ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் ஆரஞ்சோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பாடா, பெட்டியில் வை என்றேன்.

"அவுக குடுத்ததுக்கு ஒண்ணுமே செய்யாமயா போவீக? நல்லாருக்கு!" என்று வள்ளி மறுபடி தேன்குழல் பிழிந்து தூக்கில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

கிளம்புகிற காலையில் பஸ் நகர்ந்த பிறகு தனபே தூக்கோடு ஓடி வந்தார். கடற்கரையெல்லாம் ஓடினார். மலை வளைவில் மறைந்துபோனார். மாமியாரிடம் நான் பட்ட பாட்டை எழுதத் தனிப் புத்தகம் வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவரிடமிருந்து கார்டு வரும். தூக்கை அனுப்பட்டுமா என்பார். வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதுவேன். பூப்பூக்கும்போது வா என்பார். பழம் பழுக்கும்போது வருகிறேன் என்பேன். பன்னிரண்டு வருஷமும் இதே பதிலை எழுதிய மடையன் நான்.

பார்சலில் அவர் மகனின் கடிதமும் இருந்தது. செல்போனை அதன்மேல் பிடித்து, அது பெயர்த்த தமிழில் படித்தேன். பனிக்காலத்தில் அப்பா காலமாகிவிட்டார், வீட்டையும் தோட்டத்தையும் விற்றாயிற்று, இது அவர் கையால் கடைசியாக உலர்த்திய பழம், பாத்திரத்தை வெறுமனே அனுப்பாதே என்று சொல்லியிருந்தார்.

வள்ளி பழத்தைக் கொட்டித் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அடுப்பில் தேன்குழலுக்கு எண்ணெய் காய்கிறது.

"ஏங்க, அவுகளுக்கு எள்ளு கூடப் போட்டாத்தானே பிடிக்கும்?"

"ஆமா, கூடவே போடு" என்றேன். அவளுக்கு இன்னும் படித்துக் காட்டாத கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது.