கறுப்புதான் நியூட்ரல்

பதினோரு வருடம் சிங்கப்பூரில் மின்பலகை கட்டினேன். சுவரில் மாட்டும் இரும்புப் பெட்டி அது. உள்ளே பிரேக்கர்களை வரிசையாகப் பொருத்தி, வயர் இழுத்து, திருகுகளை முடுக்கி, மூடி அனுப்ப வேண்டும். வீடு மலேசியாவில், ஜோகூர் பாருவில், சுருக்கமாக ஜேபி. விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ், சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் நெரிசல், கடப்பிதழில் முத்திரை, பிறகு பலகை. மாலையில் அதே பாலம், அதே முத்திரை. எதுவும் தோன்றாமல் இருக்கப் பழகிவிட்டேன். சொல்லப்போனால் வேலையைவிட அதைத்தான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். கை தன்பாட்டுக்கு வயரை எடுக்கும், உரிக்கும், மாட்டும். தலை எங்கேயாவது கிடக்கும்.

மகளை ஒன்றரை வயதில் சிகாமட்டில் இருக்கும் என் அக்காவிடம் விட்டிருந்தேன். அவளுடைய அப்பா வேறு குடும்பம் நடத்தப் போய்விட்டார். அந்தக் கதையை யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும், அதனால் விட்டுவிடுகிறேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, மாமாவும் இறந்துவிட்டார். மாதம் இரண்டு முறை ரயிலேறிப் போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். நான் கிளம்பும்போது மகள் முதலில் எல்லாம் அழுவாள். கொஞ்சம் வளர்ந்ததும் கதவுவரை வருவாள். அப்புறம் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே "பாய்மா" என்பாள். நான் அழுததில்லை. ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன்.

அவள் ஆறாம் ஆண்டு படிக்கும்போது தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் கையில் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். கூட இருந்த பெண்கள் கழிப்பறையில் போய் அழுதார்கள். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

ஜோகூர் பாருவிலேயே வேலை பார்ப்பது என்று அந்த வாரம் முடிவு செய்தேன். பலகை கட்டத் தெரிந்தால் மட்டும் இங்கே போதாது. மூன்று ஃபேஸ் வயர்மேன் லைசென்ஸ் வேண்டும். அது இருந்தால் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு வரும் வேலை கிடைக்கும். வீட்டில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். எனக்கு லைசென்ஸ் தேவைப்பட்டது அதற்காக மட்டும்தான்.

மகளிடம் சொன்னேன். "நீ ஆறாம் ஆண்டு முடிக்கிறதுக்குள்ள அம்மா லைசென்ஸ் எடுத்துடுவேன். இடைநிலைப் பள்ளி, படிவம் ஒன்று, ஜேபியில, என்கூட."

"நிஜமாவாம்மா?"

"நிஜமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என் கட்டில் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக் கொடுங்க. பெரியம்மா வீட்ல போன் சார்ஜ் பண்ண ஹாலுக்கு வர வேண்டியிருக்கு." இதுதான் அவள் கேட்டது. அந்த வாரமே என் ஃபிளாட்டில் கட்டிலை எங்கே போடுவது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

பயிற்சி மையம் ஸ்கூடாய் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எனக்கு அடுத்த மேசையில் பொந்தியானிலிருந்து வரும் ஓர் ஆள், என் வயசுதான், ஏர்கோன் என்கிற ஏசி மாட்டுகிறவர். முதல் நாளே என் வேகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்களுக்கு நாலு கை இருக்கா?" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு சிங்கப்பூர்க்காரம்மா.

மூன்றாம் வாரம் அவர்தான் கவனித்தார். சிங்கப்பூரில் நீல வயர்தான் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. கறுப்பு அங்கே ஒரு ஃபேஸ், அதில் மின்சாரம் ஓடும். இங்கே நேர் எதிர். சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நிறம், இந்தப் பக்கம் ஒரு நிறம். எனக்கு இது தெரியாமல் இல்லை. எழுத்துத் தேர்வில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

"தெரியுது, ஆனா உங்க கைக்குத் தெரியலயே," என்றார் அவர். "சோதனையில நீலத்தைக் கொண்டுபோய் நியூட்ரல்ல வச்சிடப் போறீங்க, பார்த்து லா."

"நீங்க உங்க பைப்பை நேரா வளைக்கப் பாருங்க," என்றேன். அவர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது, அவர் சொன்னது உண்மை என்பதால்.

செய்முறைத் தேர்வு நாளில் ஆளுக்கொரு மரப்பலகை. பெட்டி மாட்டி, குழாய் இழுத்து, விளக்கும் சாக்கெட்டும் இணைத்து, எல்லாவற்றையும் சோதித்துக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் முன்னால் நான் முடித்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, மகளுக்கு எந்தப் பள்ளி பக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர் வந்தார், பெட்டிக்குள் டார்ச் அடித்தார், அடித்தபடியே நின்றார்.

"காக், இது என்ன?" என்று மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா. மரியாதையாகத்தான் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். சிவப்பு சரி. மஞ்சள் சரி. மூன்றாவது பிரேக்கரில் கறுப்பு உட்கார்ந்திருந்தது. நீலம் நியூட்ரல் கட்டையில் இருந்தது, வால் நேராக, திருகு நன்றாக முடுக்கி, பதினோரு வருடம் செய்த மாதிரியே. ஒரு வீட்டில் இப்படி மாட்டி மின்சாரம் கொடுத்திருந்தால் அங்கே ஒரு பொருள் மிஞ்சியிருக்காது. எப்போது மாட்டினேன் என்று நினைவே இல்லை. தலை இல்லாமல் வேலை செய்ய நான் கற்றுக்கொடுத்த கை, தலை இல்லாமலே செய்துவிட்டது.

"இரண்டு வயர்தானே, மாற்றிவிடுகிறேன்," என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். பொந்தியான்காரர் தேறிவிட்டார். கீழே வந்து, எனக்கும் ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. நான் குடித்தேன். இனிப்பாக இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். "பரவாயில்லமா," என்றாள். உடனே சொன்னாள், யோசிக்காமல். அதை நான் கவனித்திருக்க வேண்டும். அடுத்த தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால் அக்கா அவளைச் சிகாமட்டிலேயே படிவம் ஒன்றில் சேர்த்தாள். நான் வேறொரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து, மறுபடியும் பாலத்தில் நின்றேன்.

இந்த முறை கையை நம்பவில்லை. அக்கா கோயிலில் வாங்கி என் மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு ஒன்று இருந்தது. வீட்டில் பழைய பலகையை வைத்துப் பழகும்போது ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுவிட்டுத்தான் நியூட்ரல் கட்டையில் கை வைப்பேன். பகலில் அங்கே நீலம், சாயங்காலம் இங்கே கறுப்பு. பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம். இரண்டாவது தேர்வில் கடைசியாக முடித்தவள் நான்தான். தேறிவிட்டேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சரி, பிள்ளையைக் கூட்டிவந்ததும் வரும் என்று இருந்தேன்.

லைசென்ஸ் அட்டை கைக்கு வந்த வாரம் சிகாமட் போனேன். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படம் நல்லா இல்லம்மா."

"அது கிடக்கட்டும். ஜேபிக்கு எப்ப போலாம்? ஸ்கூல் மாத்தறதுக்கு எழுதிக் கொடுக்கணும்."

அவள் அட்டையை மேசையில் வைத்தாள். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் இங்கயே இருக்கேனே. கூட்டாளிங்க எல்லாம் இங்கதான். பெரியம்மாவுக்கும் முட்டி வலி, தனியா என்ன பண்ணுவாங்க?" என்றாள். பிறகு மெல்ல, "கோபமா?" என்று கேட்டாள்.

சின்ன விஷயத்துக்கெல்லாம் எனக்குக் கோபம் வரும். அப்போது தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "இல்ல," என்றேன்.

"அப்ப அந்தப் பிளக் பாயிண்ட்டை இங்க போட்டுக் கொடுக்கறீங்களா?"

மறுநாள் காலை கடையில் சாமான் வாங்கிவந்து, மெயினை அணைத்து, அவள் அறையில் முட்டி போட்டேன். லைசென்ஸ் வாங்கிய பிறகு என் முதல் வேலை. படுத்துக்கொண்டே எட்டும்படி கீழே போடச் சொன்னாள். முன்பு ஆற்று வெள்ளம் ஏறிய கறை புதுச் சாயத்தையும் மீறி சுவரில் தெரிந்தது. நான் எழுந்து அதற்கு மேலே ஒரு கோடு போட்டேன்.

"இங்கதான் போடணும். நீ ரொம்ப நாள் இருக்கப் போற வீடு," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சிவப்பை மாட்டினேன். கயிற்றைத் தொட்டுவிட்டுக் கறுப்பை மாட்டினேன். மகள் போனைச் செருகிப் பார்த்து, "ஏறுதும்மா," என்றாள்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பியபோது அவள் கதவைத் தாண்டி ரோடுவரை வந்து நின்றாள். ரயிலில் உட்கார்ந்தேன். தூக்கம் வரவில்லை. பாதி வழி, குளுவாங் வரை, அழுதுகொண்டே போனேன்.