முதலில் உட்கார்ந்த டீச்சர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் அழுதோம். ஒருத்தி, ஏழு வயது மகள் வள்ளி. இன்னொருவன் நான். காரணம் — முடி!

வள்ளியின் தலையில் படை வந்திருந்தது. காலணா அகலத்துக்கு வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, செதில் செதிலாக... முடியை எடுத்தால்தான் களிம்பு பிடிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அது அழகருக்கு நேர்ந்துகொண்ட முடி. ஆடியில்தான் இறக்க வேண்டும். முன்னாடியே கத்தி பட்டால் தெய்வக்குத்தமாம்!

என் மனைவி என்ன செய்தாள்? எண்ணெயைத் தடவி, இழுத்துப் பின்னி, மேலே மல்லிகையை வைத்து மறைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். மூன்றே வாரம். பக்கத்தில் உட்கார்ந்த மூன்று பெண்களுக்கும் ஒட்டிக்கொண்டது. தெரிந்தும் சும்மா இருந்தவன் நான். திட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

வேறு டீச்சராக இருந்தால் பதிவேட்டில் பெயரை அடித்திருப்பார். வள்ளியின் டீச்சர் வீட்டுக்கே வந்தார். இருபத்துமூன்று வயது, இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், வீட்டில் வரன் பார்க்கிறார்கள். கிருமி, சுகாதாரம் என்றெல்லாம் பிரசங்கம் செய்யவில்லை. என் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆடின்னு சாமி கேட்டாராக்கா, நீங்களா சொன்னதா? ரெண்டு மாசம் முந்திக் குடுத்தா வேண்டாம்னா சொல்லிருவாரு?"

அவள் எழுந்துபோய்க் காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். மற்ற மூன்று வீட்டிலும் டீச்சரே பேசிச் சம்மதம் வாங்கினார். ஞாயிறன்று நாலு பிள்ளைகளோடும், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற பஸ் ஏறி அழகர்கோயில் போய் இறங்கினோம். ஒவ்வொரு தலைக்கும் கத்தியைக் கொதிக்கிற வெந்நீரில் போட ஏற்பாடு செய்தார் டீச்சர். எல்லாம் சரி, வள்ளி ஓவென்று அழுது, தூணைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்! மொட்டை என்று கேலி செய்வார்களாம், இனி பள்ளிக்கூடமே போகமாட்டாளாம். பிள்ளையின் படிப்பு இதோடு போச்சு என்றே நினைத்தேன்.

டீச்சர் நேரே போய் நாவிதர் முன்னால் மணையில் உட்கார்ந்தார். பின்னலை அவிழ்த்தார். "மொதல்ல எனக்கு எடுங்கண்ணே."

பதறிப்போனேன். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன்.

"முடியப் பாத்து வாரவரு, முடியோடயே போகட்டும் சார்."

முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழ விழ... நான் அழுதது அப்போதுதான். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. வள்ளி தூணை விட்டுவிட்டு, அடுத்தது தனக்கு என்று ஓடி வந்தாள்.

களிம்பு போட ஆரம்பித்தாயிற்று. திங்கட்கிழமை வகுப்பில் ஐந்து மொட்டைகள்! கேலி செய்ய யாருக்கு வாய் வரும்? மற்ற பிள்ளைகள் தங்களுக்கும் மொட்டை வேண்டுமென்று வீட்டில் அடம் பிடிக்கிறார்களாம்.

நானும் பத்து வருஷமாக வழுக்கைத் தலையோடுதான் நடமாடுகிறேன்... என்னைப் பார்த்து ஒரு பிள்ளை ஆசைப்பட்டதுண்டா?