கோடும் கொச்சிக்காயும்

போன வாரம் தங்கச்சி வீட்டு முன்னறைக்கு ஒரு புது மொனிட்டர் வாங்கினேன். முன்னறை என்றால் நான் குடியிருக்கிற அறை. தலை நரைத்த ஆண்பிள்ளை தங்கச்சி வீட்டில் ஏன் கிடக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன், அதுவும் இதற்குள்தான் வருகிறது. வயரை மாட்டி, திரையின் தெளிவை ஒரு படி கூட்டினேன். திரை கறுத்து, திரும்பி வந்து, நடுவில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா, பழையபடி விடவா என்று கேட்டது. பதில் சொல்லாவிட்டால் சில விநாடிகளில் தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும். நான் பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுப் பிளாஸ்டிக் சூடாகிற வாசம் வந்தது. அந்த வாசம் வந்தால் எனக்கு கல்முனையில் நான் வேலை செய்த வரைபட அறைதான் ஞாபகம். சுனாமிக்கு அடுத்த வருடம் வெளிநாட்டு உதவியில் திறந்த அறை. உள்ளே குளிரூட்டி இருந்தபடியால் சனங்கள் பள்ளிவாசலுக்கு வருவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். கழற்றத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தோம், ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் குவிகிற செருப்பைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை பேர் அழுவார்கள் என்று கணக்குப் போடலாம் என்பார் எங்கள் மேலதிகாரி; சேர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பாண்டிருப்புக்காரர், நல்ல மனிதர். அவருடைய வீட்டையும் அவரே திரையில் தடைவலயத்துக்குள் போட்டவர்.

தடைவலயம் என்றால், கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் யாரும் திரும்ப வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் போட்ட சட்டம். படத்தில் அது ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேற்கே இருந்தால் கட்ட அனுமதி, கிழக்கே இருந்தால் இல்லை. கோட்டில் பட்டாலே கிழக்கு. கொழும்பில் இருந்து பார்த்தால் சரியான சட்டமாகத்தான் தெரிந்திருக்கும். எங்கள் மருதமுனையில் இருந்து பார்த்தால், கிழக்கே கடல், மேற்கே அடுத்தவர் வயல், இரண்டு பக்கமும் மதிலோடு மதிலாகப் பக்கத்து ஊர்கள். வயலையும் தாண்டிப் போனால் யுத்தம். எங்கே போவது?

நாங்கள் போன இடம் தகரக் கொட்டில். வாப்பா, தங்கச்சி, நான். உம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. பகலில் கொட்டிலுக்குள் இருந்தால் அவியலாம். பக்கத்துக் கொட்டிலில் ஒருவர் இருமினால் நாங்கள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவு கிட்ட. இதற்குள் தங்கச்சிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வேறு காத்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். அந்த வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. தங்கச்சி கரையேறாமல் காக்கா, அதாவது அண்ணன், தன் கல்யாணம் பற்றி வாய் திறப்பதும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கெட்டவர்கள் அல்ல. ஒரு வருடம் பொறுத்தார்கள். பிறகு, தகரத்துக்குள் மகனை எப்படி அனுப்புவது என்று கேட்டார்கள்.

அறையில் இருந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரை பெரியது, உள்ளே இருந்த படம் காட்டும் அட்டை பழையது. அதற்குக் கொஞ்சம்தான் கொள்ளளவு. புள்ளிகளைக் கூட்டித் தெளிவாக்கினால் நிறங்கள் குறைந்துவிடும். நிறங்களைக் கூட்டினால் தெளிவு குறைந்து கோடு தடித்துவிடும். கட்டைப் போர்வையில் படுத்தவன் பாடு: தலையை மூடினால் கால் வெளியே. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்தானே என்றால், அந்தப் பொத்தானை அமத்தியதும் இயந்திரம் அசையாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு தேநீர் குடித்துவிட்டு வரவேண்டியதுதான்.

வாப்பா எங்கள் வீட்டைக் காட்ட வந்த அன்று நிறங்கள் கூடிய நிலையில் எங்கள் பகுதிப் படத்தை எடுத்துவைத்தேன். சுனாமிக்கு முந்தி விமானத்தில் இருந்து பிடித்த படம். எங்கள் உறுதிப்பத்திரம் எல்லாம் கடலோடு போய்விட்டதால், சொந்தக்காரர் படத்தில் வீட்டைத் தொட்டுக் காட்டி, இதுதான் என்று சத்தியம் பண்ணினால் போதும் என்று சேர் வைத்திருந்தார். வாப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தார். ஒரே மாதிரி ஓட்டுக் கூரைகள், வரிசையாக. ஒரு முற்றத்தில் மட்டும் அரிசிப் பருமனில் ஒரு சிவப்பு.

“உம்மாட கொச்சிக்காடா மகன்,” என்றார் வாப்பா. “பாயில காயப்போட்டிரிக்கா.”

மிளகாயைத்தான் நாங்கள் கொச்சிக்காய் என்போம். உம்மா வெயில் கண்டால் சும்மா இருக்கமாட்டா. விமானம் போன அன்றும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சிவப்புக்குப் பக்கத்திலேயே, கூரையின் மேலே, தடித்த சிவப்புக் கோடு ஏறிக் கிடந்தது.

“கோட்டில பட்டிருக்கு தம்பி. நான் என்ன செய்ய?” என்றார் சேர். பிறகு அவரே, தெளிவைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார்.

கூட்டினேன். திரை கறுத்து, திரும்பி வந்தது. படம் சுருங்கி இடம் மாறியிருந்தது, கோடு நூல்போல் மெலிந்திருந்தது. அந்த வரிசையில் ஒரு வீடு கோட்டுக்கு மேற்கே தனியே நின்றது. பக்கத்து வீடு கிழக்கே மாட்டிக்கொண்டது. ஆனால் நிறம் போய்விட்டது. மணலும் ஓடும் முற்றமும் ஒரே மண்ணிறத் திட்டு. கொச்சிக்காய் இல்லை. நடுவில் அந்தச் சின்னப் பெட்டி, வைத்துக்கொள்ளவா என்று கேட்டு எண்ணத் தொடங்கியது.

“எது உங்கட வீடு, காட்டுங்க. சத்தியம் பண்ணினா நான் எழுதிடுவன்,” என்றார் சேர்.

வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மீன் விற்கும்போதுகூட அவர் ‘சத்தியமாக நேற்றுப் பிடித்தது இல்லை’ என்று சொல்லமாட்டார். அதனாலேயே அவருடைய யாவாரம் படுத்தே கிடந்தது. அவர் விரல் இரண்டு கூரைகளுக்கும் நடுவில் போய் நின்றது. மேற்கே நின்ற கூரைதான் எங்களுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அறையில் சம்பளம் வாங்குகிறவன் சொந்த வீட்டுக்குச் சாட்சி சொல்லக்கூடாது. நான் வாப்பாவையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“விளங்கல்ல சேர்,” என்றார். “தெரியாத ஒண்டுக்கு நான் அல்லாஹ்ட பேரச் சொல்ல மாட்டன்.”

விநாடிகள் முடிந்து திரை பழையபடி ஆனது. கொச்சிக்காயின் சிவப்பு திரும்பி வந்தது. கோடும் தடித்துக் கூரையில் ஏறியது. வாப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது நினைத்தால் வருவது ஆத்திரம் இல்லை.

மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் முடித்தார். கோட்டைப் பிறகு அரசாங்கமே தளர்த்தியது, ஆனால் அப்போது எங்கள் கையில் கல் வாங்கவும் காசு இல்லை. யுத்தம் முடிந்து, வாப்பாவும் மௌத்தாகி, அவரை அடக்கி, வயலை நிரப்பிய ஒரு துண்டில் நான்தான் தங்கச்சிக்கு வீடு கட்டினேன். கட்டி முடிக்கும்போது எனக்குக் கல்யாண வயதும் முடிந்துவிட்டது. பிறகு தங்கச்சியை முடித்த மச்சான் நல்லவர், முன்னறையை எனக்கு விட்டுத்தந்தார். வரைபட அறையை மூடியபோது இயந்திரத்தைப் பெட்டியில் போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் படம் அதற்குள்தான் இருந்தது. பிரதி எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் புதுத் திரையில் எங்கள் கரையைத் தேடி எடுத்தேன். தெளிவும் உச்சத்தில், நிறங்களும் உச்சத்தில், ஒன்றுக்காக ஒன்றை விடத் தேவையில்லை. சிவப்புக் கோடு எங்கும் இல்லை. இந்த வருடங்களில் கடல் கரையை அரித்து அரித்து உள்ளே வந்துவிட்டது.

தங்கச்சி தேநீரோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் அந்தப் பழைய படத்தைப் பார்த்ததில்லை, வாப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.

“உம்மா கொச்சிக்கா காயப்போட்ட இடம் எது காக்கா?”

கரையை விட்டு நல்ல தூரம் தள்ளி, நீலத்தின் மேல் விரலை வைத்தேன்.

“இதுதான்,” என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பேன்.