சொம்போடு மேடையேறியவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் மஞ்சள் காமாலை எத்திராஜைக் கொண்டுபோனபோது, பாடையைத் தூக்க நாலு பேர் போதவில்லை. தாம்பரம் உடற்பயிற்சிக் கழகத்துப் பையன்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு அது. மேடையில் அதற்குக் கிடைத்த பெரிய பரிசு ஒரு மூன்றாம் இடம். சுடுகாடு வரைக்கும் அந்த மூன்றாம் இடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

ஆணழகன் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்பது கழகத்தின் சட்டம். தோலுக்கடியில் நீர் நின்றால் சதையின் கோடுகள் மறைந்துபோகும் என்பார் வாத்தியார் தனசிங். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எழுபத்தொன்றில் எத்திராஜ் இதைச் சாமிக்கு விரதம் இருப்பதுபோல் கடைப்பிடித்தான். ஆனால் கோவளத்தில் பிறந்தவனுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. தெம்புக்கென்று அவன் அம்மா முத்தாலம்மாள் பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்ததைச் சுட்டு, அந்த இரண்டு நாளும் அதைத்தான் தின்றான். போட்டியன்று விடியற்காலையில் தாகம் தாங்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தும் விட்டான்.

மேடையில் அவன் வயிறு கம்பளி போர்த்தியதுபோல் மழுங்கிக் கிடந்தது. கையை உயர்த்தியபோது தொடை இழுத்துப் பிடித்தது, அப்படியே சாய்ந்தான். ஒரே சொம்பில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டான் என்று வாத்தியார் ஊரெல்லாம் சொன்னார். எத்திராஜும் அதை நம்பினான்.

அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் அவன் மனைவி சுந்தரவல்லி கருவாட்டுப் பானையைத் திறந்தாள். உள்ளே எல்லாம் நசநசவென்று வியர்த்திருந்தது. பானையை அப்படியே அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"மழை வந்தா கருவாடு தானா தண்ணி உடுது பாத்தியா? உப்பு எங்க கீதோ அங்க ஈரம் வந்து குந்திக்கும். உன் ஒடம்புல மட்டும் குந்தாதா? தண்ணிய தொரத்திகினு, உப்ப உள்ள வச்சி வளத்துகினு கீறே."

எத்திராஜ் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த போட்டி நெருங்கியதும் கருவாட்டை விட்டான். தண்ணீரை எப்போதும்போல் குடித்தான். மீன்கார வீட்டுப் பிள்ளைக்குக் கருவாடு ஆகாதாமே என்று கோபித்துக்கொண்டு முத்தாலம்மாள் தாம்பரம் பக்கமே வராமல் இருந்தாள்.

சேதி கழகத்துக்கும் போனது. தண்ணீரை நிறுத்தாதவன் கழகத்தின் பெயரில் மேடையேற முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் வாத்தியார். கர்லாக்கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எத்திராஜ் நிமிர்ந்தான்.

"போன வருசம் வுழுந்தது நான், வாத்தியாரே. நீங்க இல்ல. இந்த தபா குடிச்சிட்டுத்தான் நிப்பேன். பேரு இல்லன்னா, பேரு இல்லாம நிக்கிறேன்."

பல்லாவரத்தில் நடந்த போட்டிக்கு மற்றவர்கள் கழகக் கொடியோடு வந்தார்கள். அவன் சுந்தரவல்லி தேய்த்துக் கொடுத்த பித்தளைச் சொம்போடு வந்தான். திரைக்குப் பின்னால் எல்லோரும் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, அவனோடு பயிற்சி செய்த கேசவன்தான் ஆரம்பித்தான்.

"இன்னா மச்சான், பந்திக்கா வந்தே? எலை போடவா?"

காய்ந்த உதடுகளோடு எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜ் சொம்பை உயரத் தூக்கி, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தான். அவன் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கக் கேட்கச் சிரிப்பு அடங்கியது. கேசவன்கூடத் தன்னையறியாமல் எச்சில் விழுங்கப் பார்த்தான். விழுங்க எச்சில் இல்லை.

"எத்திராஜ், கழகம் எதுவும் இல்லை" என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அவன் மூச்சை இழுத்து நின்றான். வயிற்றில் கோடுகள், உளியால் கீறியதுபோல், ஒவ்வொன்றாக எழுந்தன. முன்வரிசையில் இருந்த வாத்தியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுந்தரவல்லி திரும்பவில்லை.

எத்திராஜுக்கு மூன்றாம் இடம் என்று அறிவித்தபோது கேசவன் மேடைக்குப் பின்னால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். எத்திராஜ் சொம்பை மறுபடி நிரப்பிவந்து அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தான். கேசவன், வாத்தியார் இருந்த திசையைப் பார்த்தான்.

"அவரு பாக்கட்டும். குடி."

கேசவன் குடித்தான். கடைசிச் சொட்டு வரைக்கும்.

மன்னிப்புக் கேட்டால் கழகத்தில் சேர்த்துக்கொள்வதாக வாத்தியார் சொல்லி அனுப்பினார். எத்திராஜ் மன்னிப்புக் கேட்கவில்லை. கழகத்து வாசலுக்கு எதிரே, பொதுத் தெருவில், ஒரு தண்ணீர்ப் பானையைக் கொண்டுவந்து வைத்தான். அது உடைந்தது. யார் உடைத்தது என்று கேட்காமல் இன்னொன்று வைத்தான். அதுவும் உடைந்தது. மூன்றாவது பானைக்கு மூடி வாங்கிவந்து போட்டது கேசவன். அதன்பிறகு உடையவில்லை.

பாடை அந்த இடத்தைத் தாண்டிய அன்றைக்கு, தோள் மாற்றிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி அந்தப் பானையில்தான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். தனசிங் வாத்தியாரும் கூடவே நடந்தார். அவர் மட்டும் குடிக்கவில்லை.