கூரையில் நான் போட்ட ஓட்டை

போன வெள்ளிக்கிழமை காலை, என் வீட்டுப் புதுச் சமையலறையின் கூரைமேல் ஏறி, ரம்பத்தால் நானே ஒரு ஓட்டை போட்டேன்.

சின்ன ஓட்டை இல்லை. நாலு முழ நீளம், ஒன்றரை முழ அகலம். கூரை போட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை. தெருவில் பத்துப் பதினைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பெரியவருக்கு வெயில் ஏறிப்போச்சி" என்று ஒருவர் சொன்னது மேலே எனக்குக் கேட்டது.

காலை ஏழு மணிக்கு என்ன வெயில்?

பத்திரிகையில் என் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். என் அப்பா தவளக்குப்பம் சந்தையில் மீன் விற்றார். எங்கள் குடும்பத்தில் மீன் விற்றவர்கள் உண்டு, கடலுக்குள் போனவர்கள் கிடையாது. நான் சைக்கிளில் கூடை கட்டி, டவுனில் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு மீன் போட்டேன். இன்றைக்கு முதலியார்பேட்டையில் ஐஸ் டிப்போ இருக்கிறது. லாரி இருக்கிறது. மாடி வீடு இருக்கிறது. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. தூக்கிவிட வந்த ஒன்றிரண்டு பேரையும் கடைசியில் நான்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அப்பேர்ப்பட்ட வீட்டில் ஒரே குறை, சமையலறை. அதைச் சமையலறை என்பதே ஒரு மரியாதைக்குத்தான். கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை. குனிந்து போய், குனிந்து வர வேண்டும். என் மனைவி கன்னியம்மாவுக்குப் போன வருஷம் இருமல் வந்தது. வந்தது போகவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மார்பில் குழல் வைத்துப் பார்த்தார்.

"மருந்து கெடக்கட்டும். மொதல்ல இவங்கள அந்தப் பொகையிலேர்ந்து வெளிய கொண்டாங்க. இன்னும் ரெண்டு மழைக்காலம் அந்தக் கொட்டகையில உக்காந்தா நெஞ்சு தாங்காது."

சரி என்று எழுந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் சமையலறை என் தலைக்குள் கட்டி முடிந்துவிட்டது.

முறைக்கு ஒரு இஞ்சினீயரை வரவழைத்தேன். அவர் நீலக் காகிதத்தை விரித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சமையலறைன்னா என்ன தெரியுமா சார்..." என்று ஆரம்பித்தார். காகிதத்தை நானே மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். சமையலறையைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுப்பதா? வருஷக்கணக்காகப் பின்வாசல் வழியாக மீன் கொண்டுபோனவன் நான். முன்வாசல் வழியாகப் போன பெரிய மனிதர்களுக்கு நாற்காலிதான் தெரியும். சமையலறை யாருக்குத் தெரியும்?

கடற்கரைப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீடு. அந்தச் சமையலறைதான் என் மனதில் இருந்தது. சுவர் முழுக்க அலமாரி, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கூரை சப்பையாக இருக்காது. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் வளைந்து வளைந்து மேலே போய் நடுவில் சேரும் — பீப்பாயை நெடுக்குவாட்டில் பிளந்து கவிழ்த்தாற்போல. உள்ளே அடுப்பு எரியும், ஆனால் கண் எரியாது. "பொகையெல்லாம் எங்க மதாம் போவுது?" என்று ஒருநாள் கேட்டேன். மதாம் மேலே கையைக் காட்டினார். வளைவுதான் புகையை வாங்கிக்கொள்கிறது என்று அன்றைக்கே பிடித்துவிட்டேன். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் மதாம் கப்பல் ஏறிவிட்டார். சமையலறை என்னோடு தங்கிவிட்டது.

(அவர் காட்டியது வளைவையா, மூலையில் இருந்த புகைபோக்கியையா என்று இப்போது ஒரு சந்தேகம். போகட்டும்.)

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். செங்கல்லில் வளைவு கட்டினால் சுவரைத் தள்ளும், சுவரை இரண்டு மடங்கு தடிமனாக எடுக்க வேண்டும், ஒரு வருஷம் ஆகும் என்றார். ஒரு வருஷமா? கொட்டகையில் கன்னியம்மா இருமுவது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டால் என்ன வரும்?

வளைவுக் கூரை!

மறுநாளே லாரியை அனுப்பி, கடலூர் துறைமுகத்தில் தோணி கட்டும் தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன். அளவைச் சொன்னேன். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"கவுத்துப் போடவா மொதலாளி?"

"ஆமா ஆச்சாரி. கூரைக்கு."

"நிமித்தி வச்சித்தான் எனக்குக் கட்டத் தெரியும்."

"நிமித்தியே கட்டுங்க. கவுக்கறது என் பொறுப்பு."

கொல்லையில் தோணி வளர்ந்தது. இரண்டு முனையும் தட்டையாக வெட்டிய தோணி. விலா எலும்பு மாதிரி சட்டங்கள், அதன்மேல் பலகை, பலகைக்கு இடையில் நாரும் குங்கிலியமும் திணித்து அடைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. கன்னியம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. "கேள்வி கேக்காத. முடிஞ்ச பொறவு பாரு" என்றேன். அவளும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், தோணியின் முன்பலகையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கவிழ்க்கிற அன்று தச்சர் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். கன்னியம்மாவும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரிய வேலை என்றால் சிலருக்கு இப்படித்தான், கை கால் ஓடாது. ஐஸ் டிப்போ ஆட்கள் முப்பது பேர், கயிறு, சாரம், என் தொண்டை — இவ்வளவும் சேர்ந்து தோணியைப் புரட்டிச் சுவர்மேல் உட்கார வைத்தோம். ஒரு விரற்கடை விலகவில்லை.

அலமாரிக்குப் படகுக்குப் பூசும் சாம்பல் நிறப் பெயின்ட். உப்புக்காற்று அதைத் தின்னாது, கரி படிந்தாலும் தெரியாது. புகையே தங்காத சமையலறையில் கரி எப்படிப் படியும் என்று கேட்பீர்கள். நான் எதற்கும் தயாராக இருக்கிறவன்.

பால் காய்ச்ச நாள் பார்த்தோம். கன்னியம்மா பால் சொம்போடு வாசற்படி வரைக்கும் வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். "அடுப்பு இன்னும் ஈரமா கீது" என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் போய் அங்கேயே பாலைக் காய்ச்சி எடுத்து வந்தாள்.

மறுநாள் அடுப்பில் விறகை வைத்து நானே காய வைத்தேன். "பெயின்ட்டு நாத்தம் கொமட்டுது" என்றாள். ஒரு வாரம் கதவு ஜன்னலைத் திறந்து போட்டேன். "இன்னிக்கு அஷ்டமி" என்றாள். அதற்கு மறுநாள் நவமி. அப்புறம் முழங்கால் வலி. புதுச் சமையலறைக்கு நடக்க விடாத முழங்கால் வலி, கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார மட்டும் எப்படி விடும்?

இதற்குள் சமையலறை ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற, ஊரார் முசியே என்று கூப்பிடும் பக்கத்துத் தெருக்காரர் நடுவில் நின்று அண்ணாந்து, "மாஞிஃபீக்! மாஞிஃபீக்!" என்றார். பிரெஞ்சில் அதற்குமேல் புகழ வார்த்தை இல்லையாம். வந்தவர்களுக்கெல்லாம் அங்கேயே நாற்காலி போட்டுக் காபி கொடுத்தேன். காபி கொட்டகையிலிருந்து வந்தது. அதன் பின்னாலேயே இருமலும் வந்தது.

முசியேவுக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. "உங்க மதாம் ஏன் இன்னும் அங்க சமைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"பழக்கம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

போன புதன்கிழமை என் மைத்துனன் முருகையன் வந்தான். கன்னியம்மாவின் தம்பி. வைத்திக்குப்பத்தில் இருக்கிறான். அடுத்தவன் தோணியில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன். அக்காவுக்கு ஒரு கூடை வவ்வால் மீன் கொண்டுவந்திருந்தான். அவன் இன்னும் சமையலறையைப் பார்க்கவில்லையே என்று தோளில் கை போட்டுக் கூட்டிப்போனேன்.

வாசற்படியில் நின்றுவிட்டான். உள்ளே கால் வைக்கவில்லை.

"இன்னா மாமா இது?"

"கூரைடா. எப்பிடி?"

"கூரையா? கவுந்த தோணி மாமா இது."

"அதேதான்! தோணியக் கவுத்துத்தான்..."

"எங்க அக்காவ இதுக்கு அடியில உக்காந்து சோறாக்கச் சொல்றியா? எங்க அப்பன எதுக்கு அடியிலேர்ந்து எடுத்தாங்கன்னு உனக்குத் தெரியாது?"

முருகையன் என்னை மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கோபப்படவில்லை. ஏனென்றால், எனக்குத் தெரியாது. மாமனார் கடலில் செத்தார் என்று தெரியும். கடலில் சாவது என்றால் தண்ணீரில் மூழ்குவதுதான் என்று நினைத்திருந்தேன்.

கொட்டகைக்குப் போனேன். கன்னியம்மா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் தலையைத் தூக்கவில்லை. கையும் நிற்கவில்லை.

"எனக்கு ஒம்போது வயசு. தோணி கவுந்து தானா கரைக்கு வந்துச்சி. அடியில ஆளு கீதுன்னு எல்லாருக்கும் தெரியுது. நிமித்தணும்னா பத்து ஆம்பளைங்க வேணும். ஆம்பளைங்க எல்லாம் கடல்ல. பொம்பளைங்க நாங்க சுத்தி உக்காந்துக்கினு இருந்தோம். நான் மண்ணுல படுத்து உள்ள பாத்தேன். அப்பாரு காலு தெரிஞ்சிது. மேல பலகை, சட்டம்... உங்க கூரை மாரியேதான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னனே. கண்ணாலம் ஆன வருசமே சொன்னேன்."

"எப்ப?"

"நீங்க சைக்கிளுக்குக் காத்து அடிச்சிக்கினு இருந்தீங்க."

இருக்கும். அந்தச் சைக்கிளில் பின்சக்கரத்துக் காற்று அடிக்கடி இறங்கிவிடும். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அப்ப தோணி கட்டறப்பவே வேணான்னு சொல்றதுதானே?"

"தம்பிக்குத் தோணி கட்டித் தர்றீங்கன்னு நெனச்சேன். அதான் மஞ்சா பூசனேன்."

கொட்டகையிலிருந்து குனிந்தே வெளியே வந்தேன்.

அன்று மத்தியானமே பழைய இஞ்சினீயரைத் தேடிப்பிடித்தேன். வளைவுக்குக் கீழே சப்பையாக ஒரு பலகைத் தளம் அடித்து மறைத்துவிடலாம் என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"மூடி வச்சிட்டா இல்லேன்னு ஆயிடுமா?" என்றாள்.

முருகையன்தான் வழி சொன்னான். இனிமேல் கடலுக்கு ஆகாது என்று ஒரு தோணியைக் கழித்துவிட்டால், அதன் அடிப்பலகையைப் பெயர்த்துவிடுவார்களாம். "அடிப்பலகை போச்சின்னா அது தோணி இல்ல மாமா, வெறும் மரம். அதுக்கு அடியில கோழியும் அடைக்கலாம், கொழந்தையும் தூங்கலாம். ஆனா சொந்தக்காரன் கையாலதான் பேத்து எடுக்கணும்." பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கன்னியம்மா புதுச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அடிப்பலகை என்றால் கூரையின் உச்சி. முப்பது பேர் தூக்கிய கூரை. ஒரு சொட்டு இறங்காத கூரை. மாஞிஃபீக் கூரை. வியாழக்கிழமை முழுக்க அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டகையில் இருமல் கேட்டது. வெள்ளிக்கிழமை காலை ரம்பத்தோடு ஏறினேன். டிப்போ ஆட்கள் நாங்கள் அறுக்கிறோம் என்றார்கள். விடவில்லை. இந்த வயதில் இந்த ஊரில் வேறு யார் ஏறுவார்கள், சொல்லுங்கள்.

பலகை பெயர்ந்து உள்ளே விழுந்தது. வெளிச்சம் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் வந்து படுத்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கன்னியம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஓட்டைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வானத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் விறகை வைத்துப் பற்றவைத்தாள். புகை எழுந்து, வளைவில் இரண்டு பக்கமும் தடவி, நேராக ஓட்டைக்கு வந்து, என் முகத்தில் அடித்துவிட்டு வெளியே போனது. இருமியது நான்தான்.

இப்போது மழைக்காக ஓட்டைக்குமேல் நாலு கால் நட்டு ஒரு சின்ன ஓட்டுக்கூண்டு போட்டாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் இதே மாதிரி ஓட்டை தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். என் சொந்த யோசனை என்று சொல்லியிருக்கிறேன். உண்மையை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

நேற்று கன்னியம்மா அலமாரிகளைத் தடவிப் பார்த்தாள்.

"சாம்பக் கலரு நல்லாத்தான் கீது. ஆனா ஒண்ணுகூட எனக்கு எட்டல."

எட்டாதுதான். அளவெல்லாம் என் கையைத் தூக்கி நான் கொடுத்தது. தச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கீழே இறக்கச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவளையே சுவரோரமாக நிற்கவைத்து, உச்சந்தலைக்கு நேராக நானே கரிக்கோடு போட்டு, டேப்பைப் பிடித்துப் பார்த்தேன்.

நாலு அடி ஒன்பது அங்குலம். கல்யாணம் ஆகி முப்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.