எட்டும் பிழை

எங்கள் வீட்டில் ஆறு ஸ்பீக்கர்கள். கேட்கிற காதுகள் மூன்று. அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று. பல வருஷமாக இதைச் சொல்லித்தான் என் கணவரைச் சீண்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வலது காதின் செவிப்பறையில் ஓட்டை. ஒற்றைக் காதோடு இருப்பதில் பெரிய கஷ்டம், சத்தம் குறைவதல்ல. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் போவதுதான். எனக்கு உலகம் முழுக்க இடது பக்கத்தில் நடந்தது. வகுப்பில் யாராவது "டீச்சர்" என்று கூப்பிட்டால் சம்பந்தமே இல்லாத பிள்ளையை முறைப்பேன். அதையாவது சமாளிக்கலாம். ஹந்தானையிலிருந்து இறங்கும் ரோட்டில் ஒருநாள் ஹோர்ன் சத்தம் கேட்டு, இடது பக்கம் பார்த்துக்கொண்டே குறுக்கே கால் வைத்தேன். பஸ் வலது பக்கமிருந்து வந்து என் குடையைத் தட்டிவிட்டு நின்றது.

அன்றிலிருந்து அவர் என்னைத் தனியாக விடவில்லை. பள்ளிக்கூட வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாக வருகிறார்கள், அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அவர் அன்பாகத்தான் செய்தார். எனக்குத்தான் மானம் போனது.

போன வருஷம் பேராதனை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். காயம் ஆறியபின் பரிசோதித்த டொக்டரம்மா, செவிப்பறை நன்றாகப் பொருந்திவிட்டது என்றார். ஆனால் இடம் வலம் பிரித்தறிய மூளை மறுபடி பழக வேண்டும், சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வீட்டில் பழகிப் பாருங்கள் என்றார். வராவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கைப்பிடி ஊர்வலம்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பழகுவதற்கு ரிசீவர் இருந்தது, ஆறு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற பெட்டி. பக்கத்து வீட்டில் இருந்த சிங்களப் பெரியவர், நாங்கள் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், கொழும்பில் மகளோடு இருக்கப் போனபோது, ஸ்பீக்கர்களோடு சேர்த்துத் தந்துவிட்டுப் போனது. எங்கள் கம்பியூட்டர் படுக்கையறை மேசையில் இருக்கிறது. அதிலிருந்து நீள வயர் ஒன்று கதவிடுக்கு வழியாக வந்து முன்னறையில் இருக்கும் ரிசீவரில் சேரும். மாத்தயாவே எல்லாவற்றையும் பூட்டிப் பொருத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் டேப் ஒட்டிச் சிங்களத்தில் ஓர் எழுத்தும் எழுதியிருந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று அத்தனையையும் கழற்றி, எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப மாட்டியிருந்தார்.

ஒரு போயா விடுமுறை, பௌர்ணமி நாள். வீட்டில் இருப்பது ஆறு பெட்டி, இரண்டல்ல என்று கம்பியூட்டருக்குப் புரியவைக்கவே அவருக்குக் காலை முழுக்கப் போனது. மத்தியானம் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நடுவில் உட்காருமிடம், சுற்றிலும் ஸ்பீக்கர் படங்கள். எந்தப் படத்தை அழுத்துகிறோமோ அந்தப் பெட்டி மட்டும் ஒரு மணிச்சத்தம் எழுப்பும். நான் அவர் முகத்தைப் பார்த்தே விடை கண்டுபிடித்துவிடுவேனாம். அதனால் என்னை முன்னறைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, அவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணை மூடினேன். டிங். வலது பக்கம்! அத்தனை வருஷம் சுவராக இருந்த பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "வலது, முன்னுக்கு" என்று கத்தினேன். அடுத்தது இடது, பின்னுக்கு. பத்துத் தடவை அழுத்தினார், பத்துக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளைபோலப் பதில் சொன்னேன்.

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது அவர் கையில், தான் அழுத்தியதையும் நான் சொன்னதையும் குறித்து மடித்த தாள்.

"இன்னொரு நாளைக்குப் பார்ப்போம். களைப்பா இருப்ப."

"தாளக் குடுங்க."

பிடுங்கித்தான் எடுத்தேன். நடுப் பெட்டி இரண்டு தடவை வந்திருந்தது, அது இரண்டும் சரி. மிச்சம் எட்டும் பிழை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பிறகு அழுகை. காது திறந்திருக்கிறது, மூளை திறக்கவில்லை, இனிக் கைப்பிடிதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் கை வைத்தார்.

ஆனால் நான் இருபது வருஷமாகத் தாள் திருத்துகிறவள். சரி, பிழை போடச் சொன்ன கேள்விகளுக்குப் பாடம் தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் நாலைந்து சரியாக வந்துவிடும். ஒன்றுகூடச் சரியில்லை என்றால், அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியும், அடையாளத்தைத்தான் மாற்றிப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தாளுக்கு நான் முட்டை போட்டதில்லை, பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தாளைப் பார்த்தேன்.

"இங்க பாருங்க. குருட்டாம்போக்குல சொல்லியிருந்தா ரெண்டு மூணாவது சரியா வந்திருக்கும். எட்டும் பிழைன்னா, எனக்குக் கேக்குதுங்க."

அவரைக் கதிரையில் உட்காரவைத்தேன். நான் உள்ளே போய் அழுத்தினேன். இரண்டு நல்ல காது வைத்திருக்கிற மனுஷன், ஒவ்வொன்றுக்கும் என்னைப் போலவே பிழையாகக் கத்தினார்.

ரிசீவரைத் திருப்பி, டோர்ச் அடித்துப் பார்த்தோம். டேப்பில் சிங்கள 'வ'. இவர் அதை வலது என்று நினைத்து வலப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மாத்தயா எழுதியது 'வம'வின் வ. சிங்களத்தில் வம என்றால் இடது. தெருவில் சரளமாகச் சிங்களம் பேசுகிறவர்தான். ஒற்றை எழுத்தைக் கண்டதும் மனசு தமிழில் வாசித்துவிட்டது. ஆபரேஷன் செய்த கைகளுக்கும், பெட்டியைத் தந்த மாத்தயாவுக்கும், அந்த ஓர் எழுத்துக்கும் சேர்த்து அப்படியே தரையில் உட்கார்ந்து நன்றி சொன்னேன். நேராக மாட்டியிருந்தால், எட்டும் சரி என்று வந்திருந்தால்கூட, இவர் எனக்காகப் பொய்யாகச் சரி போட்டாரோ என்று சந்தேகப்பட்டிருப்பேன். எனக்கு என் புத்தி தெரியும்.

உடனே மாற்றப்போனார். இன்றைக்கு மட்டும் இருக்கட்டும் என்றேன். முன்னறை டீவியில் ஒரு படம் போட்டோம். திரையில் கார் இடது பக்கம் ஓட, சத்தம் வலது பக்கம் ஓடியது. ஒவ்வொரு தடவையும் "பிழை" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலை அவர் வழக்கம்போலச் செருப்பை மாட்டினார். அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினேன். அவர் வாசலிலேயே நின்றார். ரோட்டோரம் வந்ததும் ஹோர்ன் சத்தம் கேட்டது. வலது பக்கம் திரும்பினேன். பஸ் அங்கேதான் வந்துகொண்டிருந்தது.